எலுமிச்சை மரத்தில் என் தூக்குவாளி

இந்த ஊரில் மனிதர்கள் உயரத்துக்குத் தகுந்தாற்போல் பேசுகிறார்கள். நான் வசிப்பது ஆஸ்திரியாவில், தீரோல் என்ற மலைப்பகுதியில், ஒரு சின்ன ஊரில். எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் எதிரே வருகிறவர் என் செருப்பைப் பார்த்துக்கொண்டே கடந்து போவார். அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் எதிர்ப்பட்டால், பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தி மாதிரி நின்று, "க்ரீஸ் டி" என்று வாய்நிறைய வணக்கம் சொல்வார். குறிப்பிட்ட உயரத்துக்கு மேலே ஏறிவிட்டால் யாரையும் மரியாதைப் பன்மையில் அழைக்கத் தேவையில்லை என்று இங்கே ஓர் எழுதாத சட்டம் உண்டு. திண்டுக்கல்லில் இதற்கு நேர்மாறு. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் அம்மாள் செம்பட்டி வருவதற்குள் என் சம்பளம், மாமியார், சுகப்பிரசவமா ஆப்பரேசனா என்பது வரைக்கும் கேட்டுத் தெரிந்துகொள்வார். மலையேறும்போது மட்டும்தான் நம்மவர்கள் வாயை மூடுவார்கள், மூச்சு வாங்குவதால்.

எனக்கு இங்கே முதியோர் இல்லத்தில் செவிலியர் வேலை. என் கணவருக்கு ஓட்டல் சமையலறையில் ஞாயிற்றுக்கிழமைதான் வேலை அதிகம். அதனால் ஞாயிறுகளில் நான் தனியாக மலைக்குப் போவது பழக்கமாகிவிட்டது. அப்படிப் போன ஒருநாள், எங்கள் மேல்வீட்டு ஹூபர் அம்மாவைப் பாதையோரத்தில் பார்த்தேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. இஸ்திரி கலையாத சட்டை, ஒரு முடிகூடப் பிசகாத தலை. அந்த அம்மாள் ஒரு பைன் மரப்பொந்துக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

"ஏதாவது தொலைத்துவிட்டீர்களா?" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டேன்.

"இல்லை. தேடுகிறேன்."

"என்ன தேடுகிறீர்கள்?"

"எடுத்த பிறகுதான் தெரியும்."

இப்படிப் பதில் சொல்கிறவர்களை எங்கள் இல்லத்தில் இரண்டாம் மாடியில் தனிக் கவனிப்பில் வைத்திருக்கிறோம். தொழில் புத்தி போகுமா? மெதுவாக முழங்கையைப் பிடித்து, "வாருங்கள், வீட்டுக்குப் போய்விடலாம்" என்று இழுத்தேன். ஹூபர் அம்மா என் கையை உதறிவிட்டு, பொந்திலிருந்து ஒரு தகரப்பெட்டியை வெளியே எடுத்தார். பிறகு நான் ஏன் அப்படி இழுத்தேன் என்று புரிந்து, மரத்தில் சாய்ந்துகொண்டு சிரித்தார். அந்தக் கட்டடத்தில் நான்கு வருடமாக இருந்தும் அவருக்குப் பல் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

அது ஒரு விளையாட்டு. ஜியோகேஷிங் என்று பெயர். யாரோ ஒருவர் மலையிலோ காட்டிலோ ஒரு பெட்டியை ஒளித்துவைத்துவிட்டு, அது இருக்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். முன்பின் தெரியாதவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே நடந்துவந்து தேடி எடுப்பார்கள். உள்ளே சுருட்டிய தாள் இருக்கும். அதில் பெயர் எழுதவேண்டும். பெட்டியிலிருந்து ஏதாவது எடுத்துக்கொண்டால் பதிலுக்கு ஏதாவது வைக்கவேண்டும். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, யாரும் பார்க்காதமாதிரி நகர்ந்துவிடவேண்டும். பரிசு கிடையாது, பந்தயம் கிடையாது. வேலைமெனக்கெட்டு இதற்காக மலையேறுகிறார்கள்.

ஹூபர் அம்மா பெட்டியைத் திறந்து என்னிடம் நீட்டினார். நான் தொடவில்லை. உள்ளே ஒரு குட்டிப் பொம்மை, ஒரு பழைய சாவி, தலைமுடி கட்டும் ரப்பர், சின்னக் குழாயில் பெயர்கள் எழுதிச் சுருட்டிய தாள். நீங்களே சொல்லுங்கள். மரப்பொந்தில் இப்படி ஒரு சாமானைப் பார்த்தால் திண்டுக்கல்லில் பிறந்தவளுக்கு என்ன தோன்றும்? செய்வினை என்று தோன்றும். யாரோ யாருக்கோ வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும். கை தானாகப் புடவை இல்லாத இடுப்பில் முந்தானையைத் தேடியது.

எங்கள் தெருமுனையில் அமாவாசை முடிந்த மறுநாள் காலையில் எலுமிச்சம்பழமும் குங்குமம் பூசிய முட்டையும் கிடக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எல்லாரும் சாக்கடை ஓரமாக ஒதுங்கித் தாண்டுவோம். அப்பா மட்டும் சைக்கிளை நேராக அதன்மேல் ஏற்றிக்கொண்டு போவார், பகுத்தறிவுக்காரர். ஒருமுறை அப்படி ஏற்றியபோது சக்கரம் முட்டையில் வழுக்க, விழுந்து, முழங்கை பிசகி, வாரக்கணக்கில் கட்டுப்போட்டுக்கொண்டு திரிந்தார். முட்டை வழுக்குவது இயற்பியல் என்று அவர் எவ்வளவோ சொல்லிப்பார்த்தார். தெருவில் ஒருத்தரும் நம்பவில்லை, அம்மா உட்பட.

ஆனால் அந்த விளையாட்டு எனக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்தடுத்த ஞாயிறுகளில் ஹூபர் அம்மாவும் நானும் சேர்ந்தே போனோம். முதல் பெட்டியை நானாகக் கண்டுபிடித்தது ஓர் ஓடைப்பாலத்தின் அடியில். தாளில் 'திண்டுக்கல்காரி' என்று தமிழில் எழுதிவிட்டு வந்தேன். எழுதும்போது அவ்வளவு சந்தோஷம். இந்த நாட்டில் என்னை நம்பி ஒருவர் எதையோ ஒளித்துவைத்திருக்கிறார், நான் எடுப்பேன், திருடமாட்டேன், திருப்பி வைப்பேன் என்று முகம் தெரியாமலேயே நம்பியிருக்கிறார். விசாவுக்கும் வேலைக்கும் எத்தனையோ காகிதம் காட்டியிருக்கிறேன். இந்தப் பெட்டி ஒன்றும் கேட்கவில்லை. இதைச் சொன்னால் என் கணவர், "உனக்கு விளையாட ஆள் கிடைச்சிருச்சு, அம்புட்டுத்தான்" என்பார். அதுவும் உண்மைதான்.

வினை எங்கே ஆரம்பித்தது என்றால், ஒருநாள் போனில் அந்த வரைபடத்தை விரலால் தள்ளித் தள்ளி இந்தியாவுக்குக் கொண்டுபோனேன். தீரோலில் அம்மை போட்டமாதிரி பச்சைப்புள்ளிகள். திண்டுக்கல் பக்கம் வெறிச்சோடிக் கிடந்தது. செம்பட்டி, ஆத்தூர், நத்தம், எங்கும் ஒரு புள்ளிகூட இல்லை. எனக்கு ரோஷமாக இருந்தது. நம் ஊரில் ஒரு புள்ளி வைக்காமல் விடுவதில்லை என்று முடிவுசெய்தேன். ஹூபர் அம்மா உற்சாகமாகிவிட்டார். அவரே ஒரு தகரப்பெட்டியைத் தயார்செய்து கொடுத்தார். நான் ஒவ்வொரு லீவுக்கும் ஊருக்கு வாங்கிப்போகும் சாக்லேட் பெட்டிதான் அது. உள்ளே மரத்தில் செதுக்கிய குட்டிப்பசு, அவர் வீட்டு அலமாரியின் பழைய சாவி, புதுத்தாள் ஒரு சுருள். அழகாக இருக்கட்டுமென்று சுருளைச் சிவப்புக் கம்பளிநூலால் கட்டியிருந்தார்.

இங்கே என் மதினியைப் பற்றிச் சொல்லவேண்டும். என் ஒரே அண்ணனின் மனைவி, பேச்சியம்மாள். பிறந்தது சிறுமலையில். மலையில் அவர் பங்குக்கு வந்த எலுமிச்சைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. வாரம் ஒருமுறை பஸ் ஏறிப்போய், குதிரைப்பாதையில் நடந்து, பழம் பறித்துக் குதிரையில் ஏற்றிவிட்டு, திண்டுக்கல் மார்க்கெட்டில் தானே விலைபேசி விற்றுவிட்டு வருவார். பேச்சில் தராசு முள் மாதிரி ஆள், அந்தப்பக்கம் இந்தப்பக்கம் சாயாது. எங்கள் அம்மா படுக்கையில் கிடந்த கடைசிக் காலத்தில், காசுக்கு ஊரான் அம்மாக்களைக் குளிப்பாட்டிக்கொண்டு நான் இங்கே இருந்தேன். என் அம்மாவைக் குளிப்பாட்டியது மதினிதான். பெற்றவர்கள் போனபிறகு ஒரு பெண்ணுக்குப் பிறந்தவீடு என்பது மதினியின் முகம்தான். அந்த முகம் மலர்ந்திருந்தால் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அது எப்போதும் திறந்தே இருந்தது.

போன வருடம் லீவில் போனபோது மதினியோடு மலைக்குப் போனேன். அவர் குதிரைக்காரர் சின்னக்காளையோடு மூட்டைக்கணக்குப் பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பாதையோரம் இருந்த பெரிய எலுமிச்சை மரத்தின் வேரிடுக்கில் பெட்டியை வைத்துக் கல்லால் மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் வைப்பதுதானே விளையாட்டு. பெட்டிக்கு ஒரு பெயர் வேண்டும். மதினிக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று, தாளின் முதல் வரியில் முன்பே முத்துமுத்தாக எழுதியிருந்தேன்: 'பேச்சியம்மாள் தோட்டம்'. ஒருநாள் யாராவது வெளிநாட்டுக்காரர் வந்து தேடும்போது மதினி ஆச்சரியப்படுவார், நான் தீரோலில் உட்கார்ந்துகொண்டு சிரிப்பேன் என்று மனக்கோட்டை வேறு கட்டினேன்.

இங்கே திரும்பிவந்து இணையத்தில் பதிவுசெய்தேன். இந்த விளையாட்டில் புதுப்பெட்டி எதையும் ஒரு தன்னார்வலர் சரிபார்த்த பிறகுதான் வரைபடத்தில் சேர்ப்பார்கள். அவர் பணிவாகப் பதில் எழுதியிருந்தார்: உங்கள் வீட்டிலிருந்து இந்தப் பெட்டி வெகுதூரத்தில் இருக்கிறது. சுற்றுலாப் போன இடத்தில் பெட்டி வைக்க அனுமதியில்லை. மழையில் நனைந்தால், காணாமல் போனால், யார் போய்ப் பார்ப்பார்கள்? நான் சுடச்சுட எழுதினேன்: அது சுற்றுலா இடம் இல்லை, என் சொந்த ஊர், நான் பிறந்த ஊர். அவர் மறுபடியும் பணிவாக எழுதினார்: மகிழ்ச்சி. ஆனால் உங்கள் கணக்கில் 'ஹைமாட்' என்ற இடத்தில் தீரோல் முகவரியைத்தானே குறித்திருக்கிறீர்கள்?

ஹைமாட் என்றால் ஜெர்மனில் சொந்த மண். கணக்குத் தொடங்கிய அன்று யோசிக்காமல் இந்த வீட்டைக் குறித்திருந்தேன். அந்தக் கட்டத்தில் ஓர் இடம்தான் குறிக்கமுடியும். திண்டுக்கல் என்று மாற்றிவிட்டால் இங்குள்ள பெட்டிகள் எல்லாம் எனக்குக் கடல்கடந்த பெட்டிகளாகிவிடும். இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மாற்றவில்லை. அந்த மனிதர் எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் சுற்றுலா என்ற வார்த்தை உள்ளே போய் முள்ளாக இருந்துகொண்டது. அண்ணன் வீட்டில் எனக்கு மட்டும் மினரல் வாட்டர் கேன் வாங்கி வைப்பதும், நல்ல கட்டிலை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அவர்கள் தரையில் படுப்பதும் சேர்ந்து ஞாபகத்துக்கு வந்தது.

அப்புறம்தான் அண்ணன் போன் செய்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, மொட்டைமாடியிலிருந்து பேசினார்.

"ஏத்தா ராணி, போன தடவை வந்தப்ப மலையில ஏதாச்சும் வச்சியா?"

"ஏண்ணே?"

"வச்சியா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

நடந்தது இதுதான். அந்த வருடம் எலுமிச்சை சரியில்லை. இலை மஞ்சளாகி, பிஞ்சு கொட்டிப்போயிருந்தது. ஏன் என்று தெரியாமல் மதினி தவித்துக்கொண்டிருந்த நேரம், சின்னக்காளையின் குதிரை கால் வைத்துக் கல் புரண்டு, பெட்டி வெளியே வந்துவிட்டது. சின்னக்காளை குச்சியால் மூடியைத் தள்ளித் திறந்திருக்கிறார். எலுமிச்சை மரத்தடி. உருவப் பொம்மை. சாவி. சிவப்பு நூல் சுற்றிய சுருள். அதில் பேச்சியம்மாள் என்று பெயர். செய்வினை வைக்கப் பயிற்சி வகுப்பு நடத்தினால்கூட இவ்வளவு லட்சணமாக ஒருத்தரும் வைத்திருக்கமாட்டார்கள். அதைவிட மோசம், அது சாக்லேட் பெட்டி. சொந்தத்தில் வீட்டுக்கு ஒன்று நானே கொடுத்த பெட்டி. யார் வைத்தது என்று மதினிக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

மதினி யாரிடமும் வாய் திறக்கவில்லை, அண்ணனுக்கே சின்னக்காளை சொல்லித்தான் தெரியும். பெட்டியைக் கையால் தொடாமல் முறத்தில் தள்ளி எடுத்துவந்து, ஓடுகிற தண்ணீரில் விடவேண்டும் என்பதற்காக ஆத்தூர் வரைக்கும் பஸ்ஸில் போய், அணைக்கு வரும் ஓடையில் விட்டுவிட்டுத் தலைமுழுகிவிட்டு வந்திருக்கிறார். அந்த அணையிலிருந்துதான் திண்டுக்கல்லுக்குக் குடிதண்ணீர். அப்படிப் பார்த்தால் என் செய்வினையை ஊர் மொத்தமும் குடித்திருக்கிறது. அண்ணனிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை.

"நீ சிரிக்கிற. அவ ராத்திரி சரியாத் தூங்கி மாசமாச்சு. ஒங்க தங்கச்சிக்கு நான் என்ன குறை வச்சேன்னு மட்டும் கேட்டா. அதுக்குமேல ஒரு வார்த்தை இல்ல."

உடனே மதினிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுநாள் எடுத்தார். வீடியோவில் மின்விசிறி மட்டும் தெரிந்தது. நான் விளையாட்டை விளக்கினேன். அட்சரேகை, பச்சைப்புள்ளி, ஹூபர் அம்மா எல்லாம் சொன்னேன். பிறகு, "முன்னப்பின்ன தெரியாதவுக வந்து எடுக்கட்டும்னு, எந்தோட்டத்துல, எம்பேரை எழுதி, எனக்கே தெரியாம ஒளிச்சு வச்சீகளா?" என்று கேட்டார். நான் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னார். ஆனால் அவர் வாயால் கேட்டபோது எனக்கே அது நல்லதாகப் படவில்லை. "அடுப்புல பால் இருக்கு" என்று வைத்துவிட்டார். அதைவிட என்னைச் சுட்டது அந்த 'வச்சீகளா'. பாவாடை தாவணிக் காலத்திலிருந்து என்னை 'வாடி போடி' என்று கூப்பிட்ட மதினி, முதல்முறையாக எனக்கு மரியாதை கொடுத்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எனக்குப் பிள்ளையார் போய், மதினியும் போய்விடுவாரோ என்று பயம் பிடித்துக்கொண்டது.

அதன்பிறகு பல ஞாயிறுகள் மலைக்குப் போகவே பிடிக்கவில்லை. ஹூபர் அம்மா காரணம் கேட்டார். செய்வினை என்பதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது? தட்டுத்தடுமாறி விளக்கினேன். அவர் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் பிரச்சினை சிவப்பு நூலா? பச்சை நூல் போட்டிருக்கலாமா?" என்றார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. அதற்குமேல் விளக்க எனக்குத் தெம்பில்லை. பச்சை நூல் நல்ல யோசனை என்று சொல்லிவைத்தேன்.

இந்த வருடம் லீவு சீக்கிரமே எடுத்துக்கொண்டேன். சாக்லேட் பெட்டி ஒன்றுகூட வாங்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் மதினி, "வாங்க" என்றார். காபி கொடுத்தார். கேன் தண்ணீர், கட்டில் எல்லாம் வழக்கம்போல. தொட்டுக்கொள்ள வைக்கும் வெஞ்சனம் மட்டும் வழக்கத்தைவிட ஒன்று கூடுதலாக இருந்தது. உறவில் விரிசல் விழுந்தால் எங்கள் வீட்டில் சாப்பாட்டில் குறை வைக்கமாட்டார்கள், கூட்டிவிடுவார்கள். மறுவாரம் அவர் மலைக்குக் கிளம்பியபோது நானும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய் பஸ்ஸில் ஏறினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. கொண்டையூசி வளைவுகளில் பஸ் சாயும்போது என் தோள் அவர் தோளில் இடித்தது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார்.

தோட்டத்தில் மரங்கள் தேறியிருந்தன. ஏதோ சத்துக்குறைவாம், விவசாயத்துறை ஆள் வந்து பார்த்து மருந்து சொல்லியிருக்கிறார். ஆகச் செய்வினை இல்லை என்று மதினிக்கு அறிவுக்குத் தெரியும். மனசுக்குத்தான் தெரியவில்லை. இருவரும் ஒரே மரத்தின் ஆளுக்கொரு பக்கமாகப் பழம் பறித்துக்கொண்டிருந்தோம். நடுவில் முள்ளும் கிளையும் இருந்ததால் முகம் தெரியவில்லை. அதனாலேயே எனக்குப் பேச வாய் வந்தது.

"மதினி, அது விளையாட்டுத்தான். ஆனா நான் அதுக்காக மட்டும் வைக்கல."

அந்தப் பக்கம் கிளை ஆடியது, அவர் பறித்துக்கொண்டே இருந்தார்.

"அம்மா போனதுக்கப்புறம் எனக்குன்னு இங்க ஒண்ணுமே இல்ல மதினி. வாரேன், சாப்புடுறேன், போறேன். ஒங்க வீட்டு விருந்தாளி மாதிரி. இந்த மலையில என்னோடது ஒண்ணு இருக்கட்டுமேன்னு ஆசைப்பட்டேன். ஒங்க பேரை எழுதினா அது பத்திரமா இருக்கும்னு நெனச்சேன்."

பிறகு மதினி கிளையை விலக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் மார்க்கெட்டில் விலைபேசும் அதே குரல்.

"இதை வாயைத் தொறந்து கேக்கமாட்டியா? ஒனக்குப் படிச்ச புத்தி ஏன் இப்பிடிப் போகுது?"

'ஒனக்கு' என்றார். நான் எலுமிச்சைக் கூடையைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

"அழுகாத. சரி, அந்த வெள்ளைக்காரங்க ஏன் ஒளிச்சு வைக்கிறாங்க?"

"கண்ணுல பட்டா யாராச்சும் எடுத்துட்டுப் போயிருவாங்கன்னு."

மதினி உதட்டைப் பிதுக்கினார். "நம்ம ஊர்ல ஒளிச்சு வச்சாத்தான்டி எடுப்பாக. என்னமோ ஏதோன்னு தோண்டிப் பாப்பாக. அந்தா பாரு." கையை நீட்டினார். சற்றுத் தள்ளி ஒரு பலாமரத்தின் தாழ்ந்த கிளையில் தூக்குவாளிகள் வரிசையாகத் தொங்கின. களையெடுக்க வந்த பெண்களின் மத்தியானச் சாப்பாடு. பாதையில் போகிறவர், வருகிறவர், குதிரைக்காரர், விறகு பொறுக்குகிறவர் எல்லாரும் அந்தக் கிளைக்குக் கீழேதான் குனிந்து போகிறார்கள். ஒரு கை அதன்மேல் படுவதில்லை. "அடுத்தவ சாப்பாட்டை எவனாச்சும் தொடுவானா? ஒளிச்சு வச்சா செய்வினை. தொங்கவிட்டா சோறு."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மதினி பரண்மேல் ஏறினார். தூசியைத் தட்டி ஓர் எவர்சில்வர் தூக்குவாளியை இறக்கினார். என் கல்யாணச் சீரில் அம்மா வாங்கியது. 'செல்வராணி' என்று கழுத்துப்பக்கம் பெயர் வெட்டியிருந்தது. விமானத்தில் எடை கூடிவிடும் என்று நான் விட்டுப்போன பாத்திரங்களில் ஒன்று. நான் அதை மறந்தேபோயிருந்தேன். மதினி மறக்கவில்லை. என் பாத்திரங்கள் எதையும் அவர் புழங்கவும் இல்லை. "ஒன்னோடது ஒண்ணுமில்லையாமே. பரண்ல பாதி ஒன்னோடதுதான். எடத்தை அடைச்சுக்கிட்டுக் கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் புளிபோட்டுத் துலக்க உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த முறை மலைக்குப் போனபோது அதற்குள் புதுத்தாளும் ஒரு பேனாவும் போட்டு, மூடியைக் கம்பியால் கட்டி, அதே எலுமிச்சை மரத்தின் பாதையோரக் கிளையில் மதினியே தொங்கவிட்டார். கம்பி குரங்குக்காக. சின்னக்காளை குதிரையை நிறுத்திவிட்டு, "ஆருது ஆத்தா?" என்று கேட்டார். "எங்க நாத்துனாளுது. வந்து எடுத்துக்கிருவா" என்றார் மதினி. அவ்வளவுதான். சின்னக்காளை தலையாட்டிவிட்டுக் குதிரையை ஓட்டிக்கொண்டு போனார். பக்கத்தில் நின்ற என்னைக்கூட அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தீரோல் திரும்பியதும் அந்தத் தன்னார்வலருக்கு மறுபடி எழுதினேன். பராமரிப்பவர்: என் அண்ணன் மனைவி. நிலத்தின் சொந்தக்காரரும் அவரே. வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பார். மதினி போனில் சொல்லி அனுப்பிய சம்மதத்தையும் எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்த்துச் சேர்த்தேன்: 'தோட்டம் என்னோடது. எங்க வீட்டுப் பிள்ளை வைக்குது. அவ வர்ற வரைக்கும் நான் பாத்துக்கிருவேன்.' மறுநாளே அனுமதி வந்தது. எதையும் எங்கே ஒளித்திருக்கிறீர்கள் என்பதற்கு ஒரு குறிப்பு கேட்பார்கள். 'தேடவேண்டாம், அண்ணாந்து பாருங்கள்' என்று எழுதினேன். செம்பட்டிக்கும் நத்தத்துக்கும் நடுவே முதல் பச்சைப்புள்ளி விழுந்தது. ஹூபர் அம்மா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பெட்டிக்குப் பெயரை நான் மாற்றவில்லை, மதினியும் மாற்றச் சொல்லவில்லை. 'பேச்சியம்மாள் தோட்டம்' என்றே இருக்கிறது.

போன மாதம் அதைத் தேடி முதல் ஆட்கள் வந்தார்கள். மதுரையிலிருந்து இரண்டு கல்லூரிப் பிள்ளைகள். வெகுநேரம் தேடிவிட்டு இணையத்தில் எழுதியிருந்தார்கள்: 'கிடைக்கவில்லை. சரியான இடத்துக்குத்தான் போனோம். அங்கே யாருடைய சாப்பாடோ தொங்கிக்கொண்டிருந்தது. தொடவில்லை.' சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. மதினிக்கு வாசித்துக் காட்டினேன். "நல்ல வளர்ப்பு. பெத்தவுக நல்லா வளத்திருக்காக" என்றார். அவர்களுக்குப் பதில் எழுதினேன். அடுத்த வாரம் அவர்கள் மறுபடி வந்து, மதினி கண்முன்னாலேயே மூடியைத் திறந்து பெயர் எழுதிவிட்டுப் போனார்கள். காசு கொடுத்து ஆளுக்கு ஒரு பை எலுமிச்சம்பழம் வாங்காமல் மதினி விடவில்லையாம். பெட்டியிலிருந்து எடுத்தால் ஏதாவது வைக்கவேண்டும் என்ற விதியை அவர் இப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார்.

இப்போது இங்கே பனிக்காலம் தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மலையில் நடக்கும்போது போனில் மதினியின் குரல்பதிவு வரும். தூக்குவாளியைத் துடைத்தேன், கம்பியை மாற்றினேன், எறும்பு ஏறியிருந்தது. ஹூபர் அம்மா என்ன செய்தி என்று கேட்பார், சொல்வேன். கணக்கில் அந்தக் கட்டம் இன்னமும் தீரோல் என்றுதான் இருக்கிறது. மாற்றுவதாக இல்லை. இந்த மலையில் எனக்கு வணக்கம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், இந்த வீட்டு அழைப்புமணியின் பக்கத்திலும் செல்வராணி என்றுதான் போட்டிருக்கிறது. நன்றாகவே இருக்கிறேன்.

நேற்று வந்த பதிவில் மதினி வேறொன்று சொன்னார். தோட்டத்துக்கு அடுத்த ஊரிலிருந்து புதிதாகக் களையெடுக்க வந்த ஒரு பெண், சாயங்காலம் எல்லாரும் தங்கள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, எலுமிச்சை மரத்தில் ஒன்று மட்டும் தொங்குவதைப் பார்த்திருக்கிறாள். எங்கள் பக்கத்தில் மரத்தில் தூக்குவாளி தொங்கினால், அதற்குரியவள் கூப்பிடுகிற தூரத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறாள் என்று பொருள். அவளுக்கு மனசு கேட்கவில்லை. மரத்தடியில் நின்றுகொண்டு, வாளியில் வெட்டியிருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்து, பள்ளத்தைப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டிருக்கிறாள்: "செல்வராணியக்கா, பொழுது சாயுது, இன்னும் சாப்புடலையா?"

மதினி அந்தப் பெண்ணிடம், "கொஞ்சம் வேலையா இருக்கா, வந்துருவா" என்று சொன்னாராம்.